புல்வெளித் தனியன்: கௌபோய் வாழ்வும் இருப்பியல்வாதமும்

சுதந்திரமான தனிமனிதன் எவ்வாறிருப்பான் என்று வினவினால், உலகின் பல பாகங்களிலும் வாழும் இளைஞர்கள் ஒரே உருவத்தையே மனக்கண்முன் கொண்டுவருவர். அகன்ற தொப்பி; இடுப்பிலே கைத்துப்பாக்கி; கால்களிடையே ஒரு குதிரை; எதிரே எல்லை காணாத புல்வெளி. அவனுக்கு ஊரில்லை, உறவில்லை, எசமானனும் இல்லை. எங்கிருந்தோ வருகிறான், தன் மனச்சாட்சி ஒன்றையே துணையாகக் கொண்டு தீர்ப்பளிக்கிறான், மீண்டும் எங்கோ போய்விடுகிறான். கௌபோய் எனப்படும் இவ்வுருவத்தை நாவலும் திரைப்படமும் சிகரெட் விளம்பரமும் நூறாண்டுகளுக்கு மேலாக உலகெங்கும் பரப்பி வந்துள்ளன.

இருப்பியல்வாதத்தைப் பயின்ற ஒருவருக்கு இவ்வுருவம் அந்நியமாகத் தோன்றாது. முன்கூட்டியே வகுக்கப்பட்ட சாரம் எதுவும் மனிதனுக்கு இல்லை. அவன் முதலில் இருக்கிறான், பின்னர் தன் செயல்களாலேயே தன்னை ஆக்கிக்கொள்கிறான் என்று ஜோன் போல் சார்த்தர் 1945 ஒக்ரோபரில் பாரிசில் நிகழ்த்திய புகழ்பெற்ற சொற்பொழிவிலே விளக்கினார். தன் சாவைத் தானே எதிர்கொள்ளும் மனிதனைப் பற்றி ஹைடெகர் 1927-இல் எழுதினார். பொருளற்ற உலகில் முடிவற்ற உழைப்பைச் சுமக்கும் மனிதனை அல்பேர் கமு 1942-இல் சிசிபசின் உருவிலே கண்டார். தனிமை, தெரிவு, பொறுப்பு, சாவு ஆகிய நான்கும் இருப்பியல்வாதத்தின் நான்கு தூண்கள். கௌபோய்க் கதையின் தூண்களும் இவையே. ஆதலால், மேற்குப் புல்வெளியின் தனி வீரனை இருப்பியல்வாத வீரனாகக் கண்டு போற்றும் விமரிசனங்கள் எழுந்ததில் வியப்பில்லை.

ஆயினும், கருத்துலக வாய்பாடுகளை விடுத்து மனிதனின் பருண்மையான இருப்பிலிருந்தே சிந்தனை தொடங்கவேண்டும் என்பது இருப்பியல்வாதிகளின் சொந்தக் கோரிக்கை. அக்கோரிக்கையை நாமும் ஏற்போம். திரையிலே தோன்றும் கௌபோயை ஒருபுறம் நிறுத்திவிட்டு, மாடு மேய்த்துக் கூலி வாங்கிய கௌபோயின் இருப்பு எத்தகையது என்று ஆராய்வோம். அவ்வாறு ஆராயும்போது இத்தத்துவத்தின் வலிமையும் குறைபாடும் ஒருங்கே புலப்படும்.

1

கௌபோய் யுகம் நெடியதன்று. அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865-இல் முடிந்ததிலிருந்து 1880-களின் இறுதி வரையுள்ள இருபது ஆண்டுகளே அதன் உச்சக்காலம். போரின்போது ரெக்சாஸ் மாநிலத்து நீள்கொம்பு மாடுகள் கவனிப்பாரின்றிப் பெருகிக் கிடந்தன. அங்கே ஒரு மாட்டின் விலை மூன்று, நான்கு டொலர். வடக்கிலுள்ள தொழில் நகரங்களிலோ அதே மாட்டுக்கு முப்பது, நாற்பது டொலர் கிடைத்தது. ஜோசப் மக்கோய் என்னும் வியாபாரி 1867-இல் கன்சாசில் அபிலீன் என்னும் சிற்றூரின் இருப்புப்பாதை ஓரத்திலே மாட்டுப் பட்டிகளை அமைத்தார். தெற்கின் மலிவான மாட்டை வடக்கின் விலை உயர்ந்த சந்தைக்குச் சேர்க்கும் வழி திறந்தது.

இவ்விரு விலைகளுக்கும் இடையே பல நூறு மைல் நிலம் கிடந்தது. அந்நிலத்தைக் கடந்து மாடுகளை ஓட்டிச் செல்லுவதற்குக் கூலிக்கு அமர்த்தப்பட்டவனே கௌபோய். அவன் பிறந்த இடம் சுதந்திரத்தின் மடியன்று, சந்தையின் இடைவெளி.

இரண்டாயிரம் முதல் மூவாயிரம் வரையான மாடுகள் கொண்ட ஒரு மந்தையைப் பத்துப் பன்னிரண்டு ஆட்கள் ஓட்டினர். நாளொன்றுக்குப் பத்து முதல் பதினைந்து மைல். பயணம் முடிய இரண்டு மூன்று மாதங்கள். கூலி மாதத்துக்கு இருபத்தைந்து முதல் நாற்பது டொலர். சேணம் அவனுடையது, அவன் ஏறிய குதிரை பெரும்பாலும் முதலாளியுடையது. உலகம் அவனுடைய சுதந்திரத்தின் சின்னமாகக் கருதும் குதிரை அவனுக்குச் சொந்தமாயிருக்கவில்லை என்பதை நாம் மனங்கொள்ளவேண்டும்.

இத்தொழிலாளர் யாவரும் திரைப்படங்கள் காட்டும் வெள்ளையர் அல்லர். தொழிலின் நுட்பங்கள் அனைத்தும் மெக்சிக்கோவின் 'வக்கேரோ' எனப்படும் மாட்டிடையரிடமிருந்து கற்கப்பட்டவை. 'ராஞ்ச்', 'ரோடியோ', 'லாரியட்' என்னும் சொற்களெல்லாம் ஸ்பானிய மொழி வழி வந்தவையே. ரெக்சாஸ் கௌபோய்களில் ஏறத்தாழ நால்வருள் ஒருவர் கறுப்பர் என்பது வரலாற்றாசிரியர் பலரின் மதிப்பீடு. அடிமையாய்ப் பிறந்து, புகழ்பெற்ற மாட்டுப் பண்ணையாளர் சார்ல்ஸ் குட்நைட்டின் நம்பிக்கைக்குரிய துணைவராய் விளங்கிய போஸ் ஐகார்ட் அவர்களுள் ஒருவர். பின்னாளில் இத்தொழிலைக் காவியமாக்கிய எழுத்தும் படமும் இவர்களைத் துடைத்தெறிந்தன.

2

இனி அவர்கள் வேலையைப் பார்ப்போம். விடியுமுன் எழுந்தால் இருட்டிய பின்னரே இறங்கலாம். மந்தையின் முன்னணியில் அனுபவசாலிகள் செல்லுவர். பின்னணியில், ஆயிரக்கணக்கான குளம்புகள் கிளப்பும் புழுதியை நாள் முழுதும் விழுங்கிக்கொண்டு புதிய இளைஞன் வருவான். இரவிலும் ஓய்வில்லை. முறை வைத்து, பெரும்பாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, இருவர் காவல் நிற்பர். இடி இடித்தால், ஏன், ஒரு சுள்ளி முறிந்தாற்கூட, மந்தை முழுதும் வெருண்டு ஓடும். இருளிலே, வளைகள் நிறைந்த தரையிலே, குதிரையை விரட்டி அதனைத் திருப்பவேண்டும். குதிரை இடறியவன் குளம்புகளின் கீழ் மாண்டான். வெள்ளம் பெருகிய ஆறுகளில் மூழ்கி மாண்டவரும் பலர். செத்தவனை வழியோரம் புதைத்துவிட்டு மந்தை நகரும். பனிக்காலத்திலோ, பண்ணையின் எல்லைக் குடிசையில் ஒருவனோ இருவரோ வாரக்கணக்காக வேறு மனித முகம் காணாது காவல் இருந்தனர்.

தனிமையும் சாவின் அண்மையும் இங்கே தத்துவ ஆசிரியரின் கற்பனைகள் அல்ல. நாளாந்த வேலையின் பகுதிகள். மனிதன் சாகும் பிராணி என்பதை மறக்கவிடாத இருப்பியல்வாதத்தை வெறும் பூர்ஷ்வா புலம்பல் என்று ஒதுக்கிவிடுவோர் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று. உழைப்பாளியும் தனியாகவே சாகிறான். உழைப்பாளியும் இரவிலே அஞ்சுகிறான்.

ஆனால் அந்த இரவுக் காவலை இன்னும் சற்று உற்று நோக்குவோம். காவலர் இருவரும் மந்தையைச் சுற்றி எதிரெதிர்த் திசைகளிலே வலம் வருவர். வரும்போது தாழ்ந்த குரலிலே பாடுவர். அப்பாட்டு மாடுகளின் அச்சத்தைத் தணித்தது. இருளின் மறுபுறத்தே வரும் தோழனுக்கு, நான் இங்கே இருக்கிறேன் என்று அறிவித்ததும் அப்பாட்டே. 1943-இல் வெளிவந்த தம் பெருநூலிலே சார்த்தர், மற்றொருவனுடைய பார்வை என்னைப் பொருளாக்கி என் சுதந்திரத்தைப் பறிக்கிறது என்று வாதிட்டார். புல்வெளியின் இருளில் மற்றவனுடைய குரல் என் சுதந்திரத்தைப் பறிப்பதில்லை; என் உயிரைக் காக்கிறது. வெருண்ட மந்தையைத் தனியொருவனால் திருப்ப முடியாது. இத்தொழிலின் ஒவ்வொரு அசைவும் கூட்டு உழைப்பே. தனியனின் சின்னமாக உலகம் கொண்டாடுவது உண்மையில் பன்னிருவர் இயைந்து ஆற்றிய ஒரு வேலையை.

3

புல்வெளி எல்லையற்றது, உடைமையாளர் அற்றது என்பது இரண்டாவது மாயை. அதற்கு உரியோர் இருந்தனர். 1874 செப்ரெம்பரில் ரெக்சாசின் பாலோ டூரோ பள்ளத்தாக்கிலே கொமாஞ்சி, கயோவா, செயென் மக்களின் முகாம்களை அமெரிக்கப் படை தாக்கியது. கைப்பற்றப்பட்ட குதிரைகளில் ஆயிரத்துக்கு மேற்பட்டவை சுட்டுக் கொல்லப்பட்டன. குதிரையில்லாத அம்மக்கள் அரசு ஒதுக்கிய நிலங்களுக்குள் அடைபட்டனர். அவர்களின் உணவாயிருந்த காட்டெருமைகளையும் தோல் வியாபாரிகள் அக்காலத்திலேயே அழித்தொழித்தனர். வெறுமையாக்கப்பட்ட அதே பள்ளத்தாக்கில் 1876-இல் குட்நைட் தன் மாடுகளை இறக்கினார்.

அப்பண்ணைக்குப் பணம் கொடுத்த கூட்டாளி ஜோன் ஜோர்ஜ் அடையர். அயர்லாந்தின் டொனகோல் பகுதியில், 1861 ஏப்ரிலில், டெரிவே என்னும் இடத்துக் குடியானவர் குடும்பங்கள் நாற்பத்தேழை வீடு இடித்து வெளியேற்றிய நிலப்பிரபு இவரே. இவர் பெயரின் முதலெழுத்துக்களே அப்பண்ணையின் சூட்டுக்குறியாயின. அயர்லாந்துக் குடியானவனைத் துரத்திய கரமும் கொமாஞ்சியின் நிலத்திலே வேலியிட்ட கரமும் ஒன்றே. மூலதனத்துக்குத் தாய்நாடு இல்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

அடையருக்குப் பின் கம்பனிகள் வந்தன. 1880-இல் எடின்பரோவில் பிரெய்ரி மாட்டுக் கம்பனி தோன்றியது. 1882-இல் டண்டியின் முதலீட்டாளர் மெற்றடோர் பண்ணையை வாங்கினர். 1885-இல், ரெக்சாஸ் தலைநகரில் சட்டசபை மாளிகை கட்டியதற்கு விலையாகப் பெற்ற முப்பது இலட்சம் ஏக்கரில் எழுந்த எக்ஸ்ஐரி பண்ணைக்கு லண்டனிலே பணம் திரட்டப்பட்டது. அந்நூற்றாண்டில் எம் மலையகத்தின் கோப்பித் தோட்டங்களிலும் தேயிலைத் தோட்டங்களிலும் ஸ்கொத்லாந்தின் ஆட்களும் பணமும் இறங்கியிருந்தமையை அறிந்த நமக்கு இந்த வரலாறு தொலைநாட்டுக் கதையாகத் தோன்றாது.

1874-இல் ஜோசப் கிளிடன் என்பார் காப்புரிமை பெற்ற முட்கம்பி, திறந்த மேய்ச்சல் நிலத்தை மூடத் தொடங்கியது. அதுவரை கௌபோய்க்கு ஒரு நம்பிக்கை இருந்தது. சூட்டுக்குறி இல்லாத கன்றுகளிற் சிலவற்றுக்குத் தன் குறியை இட்டு, திறந்த நிலத்திலே அவற்றை மேயவிட்டு, நாளடைவில் தானும் ஒரு சிறு பண்ணைக்காரனாகலாம் என்பதே அது. கம்பனிகள் இவ்வழக்கத்தைத் திருட்டு என்று கூறித் தடுத்தன. 1888-இல் எக்ஸ்ஐரி பண்ணை வெளியிட்ட விதிகள், கூலியாட்கள் கைத்துப்பாக்கி வைத்திருத்தலையும் சூதாடுதலையும் மது அருந்துதலையும் விலக்கின. சொந்த மாடு வளர்த்தலும் விலக்கப்பட்டது. திரையிலே கௌபோயை விட்டு அகலாத துப்பாக்கி, பண்ணையிலே கம்பனிச் சட்டத்தால் பறிக்கப்பட்டிருந்தது.

4

இப்பின்னணியிலேதான் 1883-ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தை நாம் நோக்கவேண்டும். அவ்வாண்டின் தொடக்கத்தில், ரெக்சாசின் வடமுனையிலே சில பெரும் பண்ணைகளின் கூலியாட்கள் கூடினர். எல்எஸ் பண்ணையைச் சேர்ந்த ரொம் ஹரிஸ் அவர்களுக்குத் தலைமை தாங்கினார். கௌபோய்களுக்கும் சமையற்காரருக்கும் மாதம் ஐம்பது டொலர், மேய்ச்சல் மேற்பார்வையாளருக்கு எழுபத்தைந்து டொலர் என்று கோரிக்கை எழுதப்பட்டது. மார்ச் 31 கெடுநாள். அந்தக் கடிதத்திலே இருபத்துநான்கு பேர் கையொப்பமிட்டனர்.

பண்ணையாளர் சிலர் கையொப்பமிட்டோரை உடனே நீக்கினர். வேறு சிலர் சிறிதளவு கூலி உயர்த்துவதாகக் கூறி, மறுத்தோரை அனுப்பினர். ரஸ்கோசா என்னும் சிற்றூரைச் சார்ந்து வேலைநிறுத்தக்காரர் தங்கினர். அவர்களிடம் இருந்த பொதுநிதி சிறிது. ஊரிலோ மதுச்சாலைகள் பல. பண்ணைகள் ஒன்றுக்கொன்று பல மைல் தூரத்தில் கிடந்தன. வேலை தேடி அலைந்த இளைஞரோ ஏராளம். இரண்டரை மாதங்களில் போராட்டம் ஓய்ந்தது. பங்கு கொண்டோரின் பெயர்கள் பண்ணையாளரிடையே பரவின; பலருக்கு அப்பகுதியில் மீண்டும் வேலை கிடைக்கவில்லை. 1884-இல் பண்ணையாளர், பில்லி த கிட் என்பவனைச் சுட்டுக்கொன்று பெயர் பெற்ற பற் கரெற் என்பாரை அழைத்து, தமக்கென ஓர் ஆயுதக் காவற்படையை அமைத்தனர்.

தெரிவு என்னும் இருப்பியல்வாதச் சொல் இங்கே தன் முழுப் பொருளையும் பெறுகின்றது. ஒரே கூலி, ஒரே புழுதி, ஒரே முதலாளி. எனினும் இருபத்துநால்வர் கையொப்பமிட்டனர். அருகே படுத்துறங்கிய வேறு பலர் இடவில்லை. பொருளாதார நிலை ஒன்றையே காட்டி இவ்வேறுபாட்டை விளக்கிவிட முடியாது. பேனாவை எடுத்த ஒவ்வொருவனும் வேலையிழக்கக்கூடும் என்பதை அறிந்தே எடுத்தான். பண்ணையின் சூட்டுக்குறிக்கு விசுவாசமாயிருத்தலே கௌபோயின் இயல்பு என்று அவனுக்குக் கற்பிக்கப்பட்டிருந்தது. அந்த 'இயல்பு' தன் சாரம் அன்று, பிறர் தன்மேல் போர்த்திய வேடம் என்று கண்டவனே கையொப்பமிட முடியும். உணவுச்சாலைப் பணியாளன் தான் பணியாளன் மட்டுமே என்பதுபோல் நடிப்பதைச் சார்த்தர் தன்னைத்தான் ஏமாற்றுதல் என்றார். பண்ணைக்கு விசுவாசம் பேசி வாளாவிருந்த கௌபோயின் நிலையும் அத்தகையதே. இவ்வளவில் இருப்பியல்வாதம் நமக்கு ஒளி தருகின்றது.

ஆனால் அக்கையொப்பம் தனியாக இடப்பட்டதா? ஒரு பெயர் மட்டும் இருந்திருந்தால் அக்கடிதம் ஒரு முறைப்பாடு. இருபத்துநான்கு பெயர்கள் இருந்தமையாலேயே அது வரலாறாயிற்று.

5

ஒன்பதாண்டுகளின் பின் வயோமிங் மாநிலத்திலே இன்னும் கொடிய ஒரு நிகழ்ச்சி நடந்தது. 1886-87 பனிக்காலம் வட புல்வெளிகளின் மந்தைகளை வாரிக்கொண்டு போயிற்று. பல கம்பனிகள் நொடித்தன. எஞ்சிய பெரும் பண்ணையாளரின் சங்கம், சொந்தமாக மாடு வைத்திருந்த கௌபோய்களைக் கறுப்புப் பட்டியலில் சேர்த்து வேலை மறுத்தது. வேலை மறுக்கப்பட்டோர் சிறு பண்ணைக்காரராயினர். உடனே 'மாட்டுத் திருடர்' என்று பெயர் சூட்டப்பட்டனர். 1892 ஏப்ரிலில், ரெக்சாசிலிருந்து கூலிக்குப் பிடிக்கப்பட்ட துப்பாக்கிக்காரரும் பண்ணையாளரும் அடங்கிய ஏறத்தாழ ஐம்பது பேர் கொண்ட படை, புகையிரதமேறி ஜோன்சன் மாவட்டத்தை நோக்கிப் புறப்பட்டது.

ஏப்ரில் 9-ஆம் திகதி கேசி பண்ணையின் மரக்குடிசையிலே நேற் சாம்பியன் என்னும் கௌபோய் முற்றுகையிடப்பட்டான். உடனிருந்த நிக் ரே குண்டடிபட்டு மாண்டான். சாம்பியன் நாள் முழுதும் தனியாக எதிர்த்து நின்றான். இறுதியில் குடிசைக்குத் தீ வைக்கப்பட, வெளியே ஓடி வந்து சுடப்பட்டான். அந்த மணி நேரங்களில், துப்பாக்கியைக் கீழே வைத்த இடைவெளிகளிலே, அவன் ஒரு சிறு குறிப்புப் புத்தகத்தில் நடப்பனவற்றை எழுதிக்கொண்டிருந்தான்.

சாவை எதிர்நோக்கிய தனிமனிதனுக்கு இதனினும் பொருத்தமான உருவத்தை எந்தத் தத்துவ ஆசிரியனும் கற்பிக்க முடியாது. ஆயினும் இரு செய்திகளை நாம் மறத்தலாகாது. ஒன்று, சாம்பியன் வழிப்போக்கனான தனியன் அல்லன்; சிறு பண்ணைக்காரர் தமக்கென அமைத்த சங்கத்தில் முன்னின்றவன். அவ்வாண்டு அவர்கள் நடத்தவிருந்த பொது மாட்டுச் சேகரிப்புக்குத் தலைமை ஏற்கவிருந்தமையே அவனைக் குறியாக்கிற்று. மற்றது, அவன் அக்குறிப்புகளைத் தன் ஆன்மாவை நோக்கியோ கடவுளை நோக்கியோ எழுதவில்லை. தோழர்களை விளித்து எழுதினான். ஹைடெகர் கூறும் சாவு யாருடனும் உறவற்றது. சாம்பியனின் சாவோ இறுதி வரியிலும் உறவை நாடியது.

அக்குரல் வீண்போகவில்லை. செய்தியறிந்த மாவட்ட மக்கள் திரண்டெழுந்து படையெடுத்தவர்களையே முற்றுகையிட்டனர். ஜனாதிபதி ஹரிசன் அனுப்பிய குதிரைப்படை விரைந்து வந்து காப்பாற்றியது. யாரை? கொலை செய்தவர்களை. ஒருவர்கூடத் தண்டனை பெறவில்லை.

6

உழைப்பாளி புதைக்கப்பட்ட இடத்திலேதான் வீரன் பிறந்தான். ரஸ்கோசாவில் வேலைநிறுத்தம் நடந்த அதே 1883-இன் மே மாதத்தில், ஒமாகா நகரிலே பஃபலோ பில் கோடி தன் மேற்குலகக் காட்சியைத் தொடக்கினார். ஒருபுறம் ஐம்பது டொலர் கேட்ட கௌபோய் துரத்தப்பட்டான்; மறுபுறம் கூலி கேளாத கௌபோய் அரங்கேறினான். 1902-இல் ஓவன் விஸ்ரர் எழுதிய 'த வேர்ஜீனியன்' நாவல் வயோமிங் நிகழ்ச்சிகளைப் பெரும் பண்ணையாளரின் கண்கொண்டு நோக்கியது. அதன் கதாநாயகன் மாடு திருடிய தன் நண்பனையே தூக்கிலிட உடன்படுகிறான். அது தனிமனித மனச்சாட்சியின் துயரம் மிக்க தெரிவு என்று வாசகன் நம்பவைக்கப்படுகிறான். நேற் சாம்பியனைக் கொன்றோரின் நியாயம் இவ்வாறு அறமாக உருமாறியது.

ஆனால் இவ்வுருவத்தை எதிர்த்திசையிலும் ஆளலாம் என்பதற்கு 1952-இல் வெளிவந்த 'ஹை நூன்' சான்று. ஊரார் அனைவரும் கைவிட, கொலைகாரரைத் தனியே எதிர்கொள்ளும் காவலனின் கதை அது. அதனை எழுதிய கார்ல் ஃபோர்மன், 1951-இல் அமெரிக்கக் கொங்கிரசின் விசாரணைக் குழுமுன் அழைக்கப்பட்டு, தோழர்களின் பெயர்களைச் சொல்ல மறுத்தவர். ஹொலிவூட்டின் கறுப்புப் பட்டியலில் சேர்ந்து இங்கிலாந்துக்குச் சென்றவர். அங்கே தனிமை ஒரு பெருமையாகக் காட்டப்படவில்லை. ஊரின் மேல் சாட்டப்பட்ட குற்றமாக நிற்கிறது. மாட்டுப் பண்ணையின் கறுப்புப் பட்டியலும் திரைப்பட முதலாளிகளின் கறுப்புப் பட்டியலும் ஒரே கருவி என்பதையும் நாம் குறித்துக்கொள்ளலாம்.

7

சார்த்தரே இக்குறைபாட்டை உணர்ந்தார். 1960-இல் வெளிவந்த 'இயக்கவியல் அறிவின் விமரிசனம்' என்னும் நூலில், பஸ்ஸுக்காக வரிசையில் நிற்கும் மனிதரை அவர் எடுத்துக்காட்டினார். அருகருகே நின்றும் ஒவ்வொருவரும் தனியர், ஒருவருக்கொருவர் இடைஞ்சல். பொது ஆபத்து ஒன்று நேரும்போது, பஸ்தீல் சிறையைத் தாக்கிய பாரிஸ் மக்களைப்போல், அவ்வரிசை உருகி ஒரு குழுவாகிறது. அப்போது ஒவ்வொருவரும் மற்றவரிலே தன் சுதந்திரத்தைக் காண்கின்றனர். மார்க்சியமே நம் காலத்தின் கடக்கவியலாத தத்துவம் என்றும், இருப்பியல்வாதம் அதன் ஓரத்திலே நிற்கும் ஒரு சிந்தனை என்றும் அவர் அந்நூலிலே ஒப்புக்கொண்டார். கூலிக்காக ஒருவரோடொருவர் போட்டியிட்டு நின்ற கௌபோய்கள் ஒரு கடிதத்தின் கீழ் ஒன்றுகூடிய 1883-இன் அந்த நாட்கள், அவர் கூறிய மாற்றத்துக்கு ஏற்ற எடுத்துக்காட்டு. குழு உருகி உருவாவது எளிது, நிலைத்து நிற்பது அரிது என்பதற்கும் அதுவே எடுத்துக்காட்டு.

நம் வகுப்பறைகளில் தத்துவம் பேசும் இளைஞர் பலர் இருப்பியல்வாதத்தின்பால் ஈர்க்கப்படுகின்றனர். அதற்காக அவர்களை நகையாடுதல் முறையன்று. குடும்பமும் சாதியும் பரீட்சையும் உத்தியோகமும் தம் வாழ்வை முன்கூட்டியே எழுதிவைத்திருப்பதைக் காணும் ஓர் இளைஞனுக்கு, நீயே உன்னை ஆக்கிக்கொள்ளலாம் என்னும் சொல் மருந்தாகவே இருக்கும். அச்சொல்லை நாம் பறித்துவிடலாகாது. அதனுடன் சேர்த்துக் கற்பிக்கவேண்டியது ஒன்றுண்டு. சுதந்திரம் என்பது உறவற்ற நிலை என்று நம்பும்வரை, அவனது கலகம் குதிரையேறிய படவீரனின் கலகமாகவே முடியும். அதனை விற்றுக் காசாக்க வியாபாரிகள் ஆயத்தமாகவே இருக்கின்றனர்.

தெரிவு செய்பவன் தனிமனிதனே. அவன் கையை வேறொருவர் பிடித்து எழுத முடியாது. ஆயினும், அவன் பெயருக்கு மேலும் கீழும் வேறு பெயர்கள் இருக்கும்போதே அத்தெரிவு உலகை அசைக்கும் ஆற்றல் பெறுகின்றது. ரெக்சாசின் இருபத்துநான்கு கூலியாட்கள் எந்தத் தத்துவ நூலையும் துணைக்கொள்ளாமலே இவ்வுண்மையைக் கண்டறிந்தனர். அவர்கள் தோற்றனர். தோற்றவர் கண்டறிந்த உண்மையைத் தோல்வியோடு சேர்த்துப் புதைக்காமல் அடுத்த தலைமுறைக்கு எடுத்துரைப்பது வரலாறு கற்பிப்போர் கடன்.